சித்தூர் நாகையா

தொண்டை நாட்டின் வடபால், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லையில் அமைந்தது திருத்தணிகை. சூரனோடு பொருத முருகப் பெருமான் சினம் தணிந்து அமர்ந்த குன்று ஆதலின் இப்பெயர் எய்திற்று என்பர். ஆண்டின் நாள்களைக் குறிக்கும் வண்ணம் அமைந்த 365 படிகளில் ஏறி, ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து வருவோருள் தமிழரும் உளர்; தெலுங்கரும் உளர். அடிவாரத்தில் பூ விற்பவள், வாங்க வருபவர் எம்மொழியில் கேட்கிறாரோ அம்மொழியிலேயே விலை கூறுவாள். இரண்டும் அவளுக்குத் தாய்மொழி போன்றவையே. இசைப் பேரறிஞர் முத்துசாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையைப் பாடியது இம்மலையில்தான் என்பது வரலாறு. திருவாரூரில் பிறந்த தமிழ்நாட்டார் ஒருவர், தெலுங்கும் தமிழும் வழங்கும் மலையில், வடமொழியில் அதனைப் பாடினார். இசைக்கு மொழி வேலி இல்லை என்பதற்கு இம்மலையே சான்று.

1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது திருத்தணி அதனுள் சேர்ந்தது. 1960 வரையில், நாற்பத்தொன்பது ஆண்டுகள், திருத்தணி மக்கள் வரி செலுத்தவும் வழக்குரைக்கவும் நாடவேண்டிய தலைநகர் சித்தூரே ஆகும். அச்சித்தூரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே தாங்கி, தமிழ்த் திரையிலும் தெலுங்குத் திரையிலும் முப்பத்தைந்து ஆண்டுக் காலம் பாடியும் பேசியும் நடித்தும் புகழ்பெற்ற ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம். அவரே சித்தூர் வி. நாகையா.

நாகையா பிறந்த ஊர் சித்தூர் அன்று. குண்டூர் மாவட்டத்து இரேபல்லி என்னும் ஊரில், 1904ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையிலேயே சித்தூர் மாவட்டத்திற்கு வந்து அங்கே வளர்ந்தார். குடும்பம் செல்வக் குடும்பம் அன்று. பிறர் தந்த உதவியைக் கொண்டே அவர் கல்வி பயில நேர்ந்தது. பயின்றபின் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராய் அமர்ந்தார். சிலகாலம் ஆந்திர பத்திரிகா என்னும் நாளிதழின் செய்தியாளராகவும் பணியாற்றினார். நாட்டு விடுதலை உணர்ச்சி எங்கும் பரவி நின்ற காலம் அது. காந்தியடிகளின் கொள்கைகள் இளைஞர் நாகையாவின் உள்ளத்திலும் வேரூன்றின.

எழுத்தர் வேலை வயிற்றுக்கு உணவளித்தது. உள்ளத்திற்கு உணவளித்தது நாடகம். அந்நாளில் சித்தூரில் இராம விலாச சபை என்னும் நாடக அமைப்பு சிறந்து விளங்கியது. அலுவல் முடிந்த மாலை வேளைகளில் வழக்கறிஞரும் ஆசிரியரும் எழுத்தரும் அங்கே கூடி நாடகம் பயில்வர். இத்தகைய சபைகள் அக்காலத்தில் ஊர்தோறும் இருந்தன. பொருள் ஈட்டுவதற்காக ஊர் ஊராய்ச் செல்லும் தொழில்முறைக் குழுக்கள் ஒருபுறம். கலைப்பற்றினால் மட்டும் கூடும் சபைகள் மறுபுறம். இரண்டாம் வகையைச் சார்ந்த சபையிலேயே நாகையாவின் குரல் முதன்முதல் ஊராரின் செவியில் வீழ்ந்தது.

பெண்டிர் மேடையேறுதல் அரிதாயிருந்த காலம் ஆதலின், நல்ல குரலும் மென்மையான தோற்றமும் உடைய இளைஞர்களே பெண் வேடம் தாங்குவர். நாகையாவும் அவ்வாறே தாங்கினார். சாரங்கதரன் நாடகத்தில் சித்திராங்கி என்னும் அரசியாக அவர் தோன்றினார். அக்கதை தெலுங்கு நாட்டிலும் தமிழ்நாட்டிலும் ஒருங்கே வழங்கியது. சிற்றன்னையாகிய சித்திராங்கி கூறிய பொய்யை உண்மை என நம்பி, குற்றமற்ற தன் மகனைக் கை கால் வெட்டுமாறு ஆணையிடும் அரசனின் கதை அது. அப்பொய்யைச் சொல்லும் பாத்திரத்தை ஏற்று நடித்த இளைஞர், பிற்காலத்தில் அதற்கு நேர்மாறான பாத்திரத்தை ஏற்க நேர்ந்ததைப் பின்னர்க் காண்போம்.

அக்கால மேடைக்கு ஒலிபெருக்கி கிடையாது. நூற்றுக்கணக்கானோர் கூடிய கொட்டகையில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் சொல் தெளிவாய்க் கேட்டல் வேண்டும். கேளாதெனின் அவனே முதலில் கூச்சலிடுவான். ஆதலின் மேடை நடிகர் தொண்டையைத் திறந்து உச்சத்தில் பாடுவதையே பழகினர். கிட்டப்பா, தியாகராச பாகவதர் முதலியோரின் பெருமை ஒரு பகுதி இவ்வாற்றலைச் சார்ந்தது. நாகையாவின் குரலோ வேறு வகையினது. சற்றே தாழ்ந்து, மெல்லக் கரகரத்து, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி எடைபோட்டு வைப்பது போல் வரும் குரல் அது. மேடைக்கு அது பெருங்குரல் என்று கூற இயலாது. ஆயின் அத்தகைய குரலுக்கென்றே ஒரு கருவி அப்போது வந்து சேர்ந்தது; பேசும் படத்தின் ஒலிவாங்கியே அது. நடிகரின் வாய்க்கு அருகில் நின்று அவர் விடும் பெருமூச்சையும் அது வாங்கிக்கொள்ளும். அதன்முன் கத்துதல் தேவையில்லை.

பேசும் படம் தென்னாட்டிற்கு வந்த விதமே இருமொழி வழக்கிற்கு நல்ல சான்றாகும். 1931ஆம் ஆண்டில் எச். எம். ரெட்டி இயக்கி வெளியிட்ட காளிதாஸ் என்னும் படத்தைத் தமிழின் முதற் பேசும் படம் என்கிறோம். அதில் தலைவி தமிழில் பேசினாள். தலைவனோ தெலுங்கில் மறுமொழி கூறினான். மக்கள் இதனை ஒரு குறையாகவே கருதவில்லை. திரள் திரளாகச் சென்று கண்டனர். அதே ரெட்டி 1938ஆம் ஆண்டில் எடுத்த கிருகலட்சுமி என்னும் தெலுங்குப் படத்தில் நாகையா முதன்முதலாகத் திரையில் தோன்றினார். சீர்திருத்த எண்ணம் கொண்ட ஒருவராக நடித்து, மதுவின் தீமையை எடுத்துப் பாடினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. திரைப்படத் தலைவராய் ஒருவர் வாழ்வைத் தொடங்கும் வயது அன்று அது.

திரையுலகிற்கு வருமுன் அவர் பட்ட துயரங்களையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். மணம் புரிந்த மனைவியை இழந்தார், மறுமணம் செய்தும் அவ்வாழ்வும் நிலைக்கவில்லை, குழந்தையையும் பறிகொடுத்தார். ஆறுதல் தேடித் திருவண்ணாமலை சென்று, இரமண முனிவரின் ஆசிரமத்தில் சிலகாலம் தங்கியிருந்தார். பின்னாளில் அவர் திரையில் அழுத அழுகையெல்லாம் கற்பனையினின்றும் பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பி. என். ரெட்டி என்பார் சென்னையில் வாகினி என்னும் பட நிறுவனத்தை நிறுவியபோது நாகையாவைத் துணையாகக் கொண்டார். வந்தே மாதரம் 1939இலும், சுமங்கலி 1940இலும், தேவதா 1941இலும் வெளிவந்தன. மூன்றிலும் நாகையா நடித்தார், இசையும் அமைத்தார். சுமங்கலியில் அவர் ஏற்ற வேடம் கருதத்தக்கது. கைம்பெண் மறுமணத்திற்காகப் பாடுபட்ட வீரேசலிங்கம் பந்துலுவை நினைவூட்டும் முதியவர் வேடம் அது. தலைவனாக நடிக்கும் வாய்ப்பு எளிதிற் கிட்டும் வேளையில், தலை நரைத்த கிழவராக நடிக்க ஒரு நடிகர் இசைதல் எளிதன்று. முகத்தின் அழகு சில ஆண்டுகளில் மறையும்; பாத்திரத்தின் தகுதி மறையாது என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார் போலும்.

1941ஆம் ஆண்டில் தமிழ்த் திரை அவரை அழைத்தது. அசோக்குமார் என்பது படத்தின் பெயர். இராஜா சந்திரசேகர் இயக்கினார். அந்நாளில் தமிழ்நாடு முழுவதையும் தம் குரலால் ஆட்கொண்டிருந்த எம். கே. தியாகராச பாகவதர் இளவரசன் குணாளனாகத் தோன்றினார். அசோக மன்னனாக நாகையாவும், இளைய அரசியாகக் கண்ணாம்பாவும் நடித்தனர். சிறு வேடம் ஒன்றில் தோன்றிய இளைஞர் எம். ஜி. இராமச்சந்திரன் பிற்காலத்தில் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார்.

குணாளன் கதை யாது? சிற்றன்னை மகன்மீது பொய்ப்பழி சுமத்துகிறாள். மன்னன் அதனை நம்புகிறான். மகன் கண்ணிழந்து நாடு நாடாய்ப் பாடித் திரிகிறான். சாரங்கதரன் கதைக்கும் இதற்கும் பெயரும் ஊரும் தவிர வேற்றுமை மிகுதியில்லை. சித்தூர் மேடையில் பொய்யுரைத்த அரசியாக நின்றவர், சென்னைத் திரையில் அப்பொய்யை நம்பிக் கெட்ட அரசனாக நின்றார். ஒரு கதையின் இரு கரைகளையும் உள்ளே நின்று கண்ட நடிகர் எத்தனை பேர்? தான் இழைத்த தீங்கை உணர்ந்து அசோகன் உடையும் இடத்தில், சினமும் கழிவிரக்கமும் மாறி மாறித் தோன்ற அவர் நடித்தார். பாகவதரின் பாட்டுக்காகவே படம் பார்க்கச் சென்றவர்களும் பாடாத அம்மன்னனின் குரலை மறக்கவில்லை.

அவர் பேசிய தமிழைப் பற்றியும் ஒரு சொல். அது மதுரைத் தமிழும் அன்று, தஞ்சைத் தமிழும் அன்று. தெலுங்கின் சாயல் மெல்லப் படிந்த எல்லைநாட்டுத் தமிழ். இதனைக் குறை கூறியோர் உண்டு. திருத்தணியிலும் சோளிங்கரிலும் வாழ்வோர்க்கோ அது வீட்டில் பெரியவர்கள் பேசும் பேச்சாகவே ஒலித்தது. எல்லைப்புறத்தான் நாவில் இரு மொழியின் சுவையும் ஊறியிருத்தல் இயல்பே அன்றோ?

1945ஆம் ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் மீரா வெளிவந்தது. எம். எஸ். சுப்புலட்சுமி மீராவாகப் பாடி நடித்த அப்படத்தில், மேவார் நாட்டு இராணாவாக நாகையா தோன்றினார். மனைவியின்மீது அளவிறந்த அன்பு ஒருபுறம் இழுக்க, குலப்பெருமை மறுபுறம் இழுக்க, இரண்டிற்கும் இடையே தவிக்கும் வேடம். பார்ப்போர் அனைவரும் மீராவின் பக்கம் நிற்பர் என்பதை அறிந்தும் அவர் அதனை ஏற்றார். கொடியவன் என்று வெறுக்க முடியாதபடி அந்த இராணாவைச் செய்தும் காட்டினார்.

இனி அவர்தம் புகழின் உச்சிக்கு வருவோம். அது மூன்று அடியார்களின் வாழ்க்கையால் வந்தது.

முதலாமவர் போதனர். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த உழவர், கவிஞர், பாகவதத்தைத் தெலுங்கில் பாடியவர். அந்நூலைத் தன் பெயரால் அரங்கேற்றுமாறு அரசன் வேண்ட, இறைவனுக்கு உரியதை மனிதனுக்கு அளியேன் என்று மறுத்து, வறுமையிலும் ஏரையே பிடித்து வாழ்ந்தார் என்பது அவர் வரலாறு. கே. வி. ரெட்டி தம் முதற்படமாக இயக்கிய பக்த போதனா 1943இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது வெளிவந்தது.

இரண்டாமவர் தியாகராசர். திருவாரூரில் 1767இல் பிறந்து, திருவையாற்றில் வாழ்ந்து, 1847இல் மறைந்த இசைப் பெரியார். தஞ்சை மன்னர் அழைத்தும் அரசவை புகாது, உஞ்சவிருத்தி எடுத்து இராமனைப் பாடினார். சினங்கொண்ட தமையன் அவர் வழிபட்ட உருவங்களைக் காவிரியில் எறிந்தான் என்றும், அவர் தேடியலைந்து அவற்றை மீண்டும் பெற்றார் என்றும் கூறுவர். 1946இல் வெளிவந்த தியாகய்யா என்னும் படத்தைத் தயாரித்தவர், இயக்கியவர், இசையமைத்தவர், நடித்தவர் யாவரும் நாகையா ஒருவரே. படம் தெலுங்குப் படம். ஆயினும் கதை நிகழ்ந்த ஊர் காவிரிக் கரை. தமிழ்நாட்டு இசையன்பர் அதனை வேற்றுமொழிப் படமாக எண்ணவில்லை. கீர்த்தனைகளை அவர் பாடிய முறையில் வித்துவான்களின் விரிவு இல்லை. வீட்டின் பூசை அறையில் ஒருவர் தமக்குள் பாடிக்கொள்வது போன்ற அடக்கமே இருந்தது. இது குறைபாடு என்று வாதிட்ட சங்கீத இரசிகர்களும் இருந்திருக்கலாம். தியாகராசர் கச்சேரி செய்தவர் அல்லர், வழிபாடு செய்தவர். அதனை எண்ணிப் பார்ப்பின் நாகையாவின் முறையே பொருத்தமாகும்.

மூன்றாமவர் வேமனர். தமிழ்ச் சிறுவர் ஆத்திசூடி ஓதுவது போலத் தெலுங்குச் சிறுவர் ஓதும் பாடல்களைப் பாடியவர். இளமையில் இன்பத்தையும் பொன்னையும் நாடி அலைந்து, அன்புக்குரிய குழந்தையின் சாவால் உள்ளம் கலங்கி, அனைத்தையும் துறந்தவராக அவரைக் கே. வி. ரெட்டி 1947இல் யோகி வேமனா என்னும் படத்தில் காட்டினார். குழந்தையின் சாவைக் கண்டு திகைத்து நிற்கும் அத்தோற்றத்தை நாகையா நடித்தபோது, தம் வாழ்வில் தாம் கண்டதையே அவர் நினைத்திருத்தல் கூடும்.

போதனர், தியாகராசர், வேமனர் ஆகிய மூவரும் செல்வத்தை வேண்டாம் என்றவர்கள். அவர்களாக நடித்த நாகையாவை நாடியோ செல்வம் வெள்ளமாய் வந்தது. அந்நாளில் மிக உயர்ந்த ஊதியம் பெற்ற தென்னாட்டு நடிகருள் அவரும் ஒருவர். ரேணுகா என்னும் பெயரில் சொந்தப் பட நிறுவனமும் அமைத்தார். மக்கள் அவரை நடிகராக மட்டும் பார்க்கவில்லை. அடியாராகவே எண்ணிக் கைகூப்பினர். இப்பெருமை ஒரு சுமையுமாகும். திரையில் துறவியைக் கண்டவர்கள் வீட்டு வாயிலிலும் துறவியையே தேடி வந்தனர். மகள் திருமணத்திற்கு என்றும், மகன் படிப்பிற்கு என்றும், படம் எடுத்து நொடித்தேன் என்றும் வந்து நின்றவர்க்கு அவர் இல்லை என்று உரைக்கவில்லை. உணவு வேளையில் வந்தவர் எவராயினும் அவர் இல்லத்தில் இலை விழும். கணக்குப் பார்க்கும் பழக்கம், முன்னர் எழுத்தர் வேலை பார்த்த அவருக்கு எவ்வாறோ ஏற்படவேயில்லை.

1950ஆம் ஆண்டில் அவர் நடித்த ஏழை படும் பாடு தமிழ்த் திரையில் ஒரு தனிச் சிறப்புடைய படம். பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் விக்டர் யூகோ 1862இல் வெளியிட்ட பெருநாவலைச் சுத்தானந்த பாரதியார் அப்பெயரில் தமிழாக்கியிருந்தார். கோயமுத்தூர்ப் பட்சிராஜா நிறுவனத்தார் அதனைப் படமாக்கினர். இயக்கியவர் கே. ராம்நாத். இவர் வாகினியில் ஒளிப்பதிவாளராய் இருந்தவர். நாகையாவின் குரலில் எத்தனை நிறங்கள் உண்டு என்பதை அருகிருந்து அறிந்தவர்.

பசிக்காக உணவு திருடிச் சிறை சென்றவன் கதை அது. ஆண்டுகள் பல கழிந்து வெளிவரும் அவனை எவரும் ஏற்பதில்லை. ஏற்று உணவிட்ட துறவியின் வீட்டிலேயே வெள்ளிப் பொருள்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் பிடித்துவந்து நிறுத்துகின்றனர். துறவியோ, அவற்றைத் தாமே கொடுத்ததாகக் கூறி அவனைக் காப்பாற்றுகிறார். அந்த ஒரு சொல்லால் மனம் மாறிய அவன், பெயரை மாற்றிக்கொண்டு, உழைத்துப் பொருளீட்டிப் பலர்க்கும் உதவுகிறான். ஆயினும் பழைய கைதியைத் தேடும் காவல் அதிகாரி நிழல்போல் பின்தொடர்கிறான். சட்டம் ஒன்றையே தெய்வமாகக் கொண்ட அவ்வதிகாரி கெட்டவன் அல்லன்; அதுவே கதையின் கொடுமை. யூகோவின் நாவலில் ஜாவேர் என்னும் பெயருடைய அவ்வதிகாரியாக நடித்த சீதாராமன், பின்னர் வாழ்நாள் முழுதும் ஜாவர் சீதாராமன் என்றே வழங்கப்பெற்றார்.

கைதி கந்தனாக நடித்தவர் நாகையா. அடியார் வேடங்களால் மட்டுமே அவரை அறிந்திருந்தோர், திருடனாக அவரைக் காண நேர்ந்தது. சிறையினின்று வெளிவரும் மனிதனின் முரட்டுத்தனம், துறவியின் முன் நாவெழாது நிற்கும் நிலை, பிற்காலத்துப் பெருந்தகைமை ஆகிய மூன்றையும் ஒரே மனிதனிடம் காட்டல் வேண்டும். மூன்று நிலைக்கும் மூன்று குரல் கொண்டார் அவர். முதலில் தொண்டையினின்று உடைந்து வரும் சொல். இடையில் ஏறத்தாழ மௌனம். இறுதியில் நாம் நன்கறிந்த அமைந்த குரல். என் கருத்தில் தமிழில் அவர் செய்த வேடங்களுள் தலையாயது இதுவே. போதனரும் தியாகராசரும் பிறப்பிலேயே நல்லவர்கள். கந்தன் நல்லவனாக வேண்டியிருந்தது.

1953ஆம் ஆண்டில் என் வீடு என்னும் படத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் அவரே தயாரித்து இயக்கினார். சொந்தப் படங்களில் இட்ட பொருளும், கேட்டவர்க்கெல்லாம் கொடுத்த பொருளும் சேர்ந்து அவர் செல்வத்தைக் கரைத்தன. ஈட்டிய வீடும் நிலமும் கைவிட்டுப் போயின. தலைமை வேடத்திற்கு இளையவர்கள் வந்துவிட்டனர். பின்னணிப் பாடகர் முறை வேரூன்றிவிட்டமையால், பாடத் தெரிந்த நடிகர் என்னும் தனித்தகுதிக்கும் முன்போன்ற தேவை இல்லாது போயிற்று. ஐம்பது வயதில் பிழைப்புக்காகத் தந்தை வேடமும் முதியவர் வேடமும் ஏற்கலானார்.

ஒரு காலத்தில் படத்தின் முழுப் பாரத்தையும் தாங்கியவர், இப்போது சில காட்சிகளில் மட்டும் வந்து போனார். அவற்றிலும் அவர் குறைத்து நடித்தாரில்லை. 1958இல் வெளிவந்த சம்பூர்ண இராமாயணத்தில் தசரதன். 1963இல் லவ குசாவில் வால்மீகி முனிவர். மகனைக் காட்டிற்கு அனுப்பிவிட்டுப் புலம்பும் தசரதன் குரல் அவருக்குப் புதியதன்று. அசோகனிடம் தொடங்கிய அக்குரல் பதினேழு ஆண்டுகளில் மேலும் கனிந்திருந்தது. 1961இல் பீம்சிங் இயக்கிய பாவ மன்னிப்பில் இஸ்மாயில் என்னும் இசுலாமியப் பெரியவராகத் தோன்றி, பிற குடியில் பிறந்த குழந்தையைத் தம் மகனாக வளர்க்கும் அன்பை வெளிப்படுத்தினார். வைணவ அடியாராகத் தெலுங்கர் வணங்கிய முகம், தமிழ்த் திரையில் தொழுகைத் தொப்பியுடன் அத்துணை இயல்பாய்ப் பொருந்திற்று. இரு மொழிகளிலுமாக அவர் நடித்த படங்கள் இருநூறுக்கும் மேற்பட்டன. அவற்றுள் பல இவ்வாறான சிறு வேடங்களே.

இதற்கிடையில் எல்லைகள் மாறின. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தது. சித்தூர் மாவட்டம் முழுதும், திருத்தணி உட்பட, அம்மாநிலத்தில் சேர்ந்தது. வடவெல்லைத் தமிழ்ப் பகுதிகளை மீட்க ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடினர். படாஸ்கர் வகுத்த முறைப்படி, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்து செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாயிற்று; 1997 முதல் அது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. வரைபடத்தில் கோடு விழுந்த அவ்வாண்டுகளிலும், சென்னையில் வாழ்ந்த நாகையா காலையில் ஒரு மொழியிலும் மாலையில் மற்றொரு மொழியிலும் வசனம் பேசிக்கொண்டிருந்தார்.

அறுபதாம் வயதில் அவர் மீண்டும் ஒரு சொந்தப் படத்தை முடித்து வெளியிட்டார். பக்த இராமதாசு என்பது அது, ஆண்டு 1964. பத்திராசலத்து வட்டாட்சியராக இருந்து, அரசுக்கு உரிய வரிப்பணத்தை இராமன் கோயிலுக்குச் செலவிட்டு, அதற்காகக் கோல்கொண்டாச் சிறையில் வாடிய அடியாரின் வரலாறு. கையிலிருந்த பொருளைப் பிறர்க்கென வாரி இறைத்துவிட்டு அதன் பயனைத் தாமே நுகர்ந்த இராமதாசரை, பொருளிழந்த நாகையா தாமே தயாரித்து, இயக்கி, நடித்தார். அறிவுரை கூறிய நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பர். ஆயினும் அவ்வேடத்தை அவரை விட்டால் வேறு எவர் தாங்குவது?

மறு ஆண்டு, 1965இல், இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. குடியரசுத் தலைவரின் பெயரால் வழங்கப்பெறும் விருது அது. அவ்வாண்டில் அப்பெரும் பதவியில் வீற்றிருந்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். 1888இல் திருத்தணியில் பிறந்தவர். தமிழும் தெலுங்கும் பேசும் அதே மண்ணிலிருந்து ஒருவர் தத்துவத்தால் உயர்ந்தும், மற்றவர் குரலால் உயர்ந்தும் தலைநகரில் இவ்வாறு இணைந்தனர்.

விருதால் வறுமை நீங்கவில்லை. முதுமையிலும் அவர் நடித்துக்கொண்டே இருந்தார். அவரிடம் உதவி பெற்றவர்களுள் சிலர் செல்வராயினர். சிலர் அவரை மறந்தனர். சிலர் நினைத்து வேடம் அளித்தனர். படப்பிடிப்பு நிலையங்களில் இளைய நடிகர்கள் அவரைக் கண்டதும் இருக்கையினின்று எழுவர். அம்மதிப்பு இறுதிவரை அவருக்குக் குறையவில்லை.

1973ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள், தம் அறுபத்தொன்பதாம் வயதில், நாகையா சென்னையில் காலமானார். அவருடைய நண்பர்களும் அன்பர்களும் முயன்று, தியாகராய நகர்ப் பனகல் பூங்காவில் அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை எழுப்பினர். எல்லைக்கு அப்பால், அவர் பெண் வேடமிட்டுப் பாடத் தொடங்கிய சித்தூர் நகரில், நாடகமும் இசையும் நடைபெறும் கலையரங்கம் ஒன்றிற்கு அவர் பெயர் இடப்பெற்றது.